கொரோனா காலத்தில் குடிநுழைவு முகாம்களில் அடைபட்டவர்கள்: காவிரி டெல்டா குடும்பங்களின் கேள்விகளும் பதில்களும்

வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களின் குடும்பங்களுக்கு மன்னார்குடியில் மனு எழுதித் தருகிறேன். பெர்மிட் இல்லாத வெளிநாட்டவர்களைக் கொரோனா காலத்தில் அடைத்து வைத்த முகாம்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

முத்துப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா: தம்பி, 2020 மே மாதம் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் என் மகனைப் பிடித்துப் போனார்கள். ஊரடங்கில் அறையை விட்டே வராத பிள்ளையை எதற்குப் பிடித்தார்கள்?

அம்மா, அவர் மேல் தப்பு இல்லை. அங்கே சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் இரண்டையும் ஏப்ரலிலேயே முள்கம்பி போட்டு அடைத்து, குடியிருந்தவர்களுக்குப் பரிசோதனை நடத்தினார்கள். மே 1 அன்று அதே பகுதிக்குள் குடிநுழைவுத் துறை புகுந்து, பெர்மிட் இல்லாத நூற்றுக்கணக்கானோரை லாரியில் ஏற்றியது. பரிசோதனைக்கு வருபவர்களைப் பிடிக்கமாட்டோம் என்று மார்ச்சில் அமைச்சரே சொல்லியிருந்தார். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான். இதைப் பார்த்தவன் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவானா? ஒளிந்துகொள்வான். பக்கத்தில் படுப்பவனுக்கும் ஒட்டும்.

பேராவூரணியிலிருந்து: அண்ணே, சோதித்துத்தானே உள்ளே கொண்டுபோனார்கள்? அப்புறம் எப்படிப் பரவியது?

நோய் இல்லை என்று வந்தவர்களைத்தான் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். ஆனால் அதே மே மாதம் மலேசியாவின் புக்கிட் ஜாலில், செமினி, செப்பாங் முகாம்களில் தொற்று பரவியது. ஒரே கூடத்தில் நெருக்கியடித்துத் தரையில் படுக்கை, எல்லாருக்கும் பொதுவான கழிப்பறை, தினமும் வீட்டுக்குப் போய்வரும் காவலர்கள். இதில் இடைவெளி விடு என்றால் எங்கே விடுவது? ஜூனில் புக்கிட் ஜாலில் முகாமில் இருந்த நம் நாட்டு முதியவர் ஒருவர் இறந்தும் போனார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த முகாம்கள் ஆளைத் திருப்பி அனுப்பும்வரை வைத்திருக்கத்தான். விமானமே பறக்காதபோது எதற்கு அடைத்து வைப்பது? ஸ்பெயின் இதை யோசித்தது. அங்கே 2020 மே தொடக்கத்தில் இப்படிப்பட்ட முகாம்கள் எல்லாம் காலி.

கூத்தாநல்லூரிலிருந்து: என் வீட்டுக்காரர் குவைத்தில் பொதுமன்னிப்புக்குத் தானாகவே போனார். அவரையும் ஏன் வாரக்கணக்கில் முகாமில் வைத்தார்கள்?

விசா முடிந்தும் தங்கியவர்கள் ஊர் திரும்ப 2020 ஏப்ரலில் குவைத் கொடுத்த மன்னிப்பு அது. அபராதம் கிடையாது, டிக்கெட்டும் குவைத் அரசு செலவு. ஆனால் அப்போது இந்தியா வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் விமானங்களை இறங்க விடவில்லை. நம் அரசின் மீட்பு விமானங்கள் மே 7-இல்தான் தொடங்கின. அதுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: தம்பி மலேசியாவில் பிடிபட்டுவிட்டான். பிரம்படி உண்டா சார்?

விசாவோடு போய், காலம் தாண்டித் தங்கியிருந்தால் அபராதமும் சிறையும்தான், பிரம்படி இல்லை. அனுமதி இல்லாமல் நுழைந்த குற்றத்துக்குத்தான் 6 அடிவரை உண்டு. பெண்களுக்கும் 50 வயது தாண்டியவர்களுக்கும் கிடையாது.

அதே ஊரிலிருந்து: இப்போது முதலில் என்ன செய்வது?

பாஸ்போர்ட் நம்பரைத் தேடுங்கள். போன மாதம் ஒரு அக்கா கொண்டுவந்த ஜெராக்ஸில் முகம் தெரிந்தது, நம்பர் இருந்த மூலை கறுத்துப்போயிருந்தது. வீட்டில் கிடந்த பழைய விசா நகலில் அதே நம்பர் இருந்தது, வேலை நடந்தது. நம்பர் கிடைத்ததும் இந்தியத் தூதரகத்துக்கு எழுதுங்கள், வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற புகார் இணையதளத்திலும் பதியுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு, சென்னையில் அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கு ஒரு மனு. பிடிபட்டவர் தன் நாட்டுத் தூதரக அதிகாரியைச் சந்திக்கும் உரிமை, தூதரக உறவுகளுக்காக நாடுகள் செய்துகொண்ட வியன்னா ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, மனுவில் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். டிக்கெட்டுக்கு வழியில்லை என்றால் தூதரகத்தில் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. 'வெளியே எடுத்துத் தருகிறேன்' என்று முன்பணம் கேட்கும் ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு மாணவர்: நம் நாட்டில் இப்படி முகாம் இல்லையா?

ஏன் இல்லை? திருச்சி மத்திய சிறை வளாகத்திலேயே சிறப்பு முகாம் இருக்கிறது. ஈழத்தமிழர்கள் உட்பட வெளிநாட்டவர்களை அடைத்து வைக்கும் இடம். 2021-இல், கொரோனா இரண்டாம் அலை ஓயாத நேரத்தில், விடுதலை கேட்டு அவர்கள் போராடினார்கள். புக்கிட் ஜாலிலில் நம் பிள்ளைக்காகக் கேட்கும் நியாயத்தை அவர்களுக்காகவும் கேட்க வேண்டும் தம்பி.