சோம்பேறித்தனம்தான் காரணமா?

கேள்வி: ஏழையா இருக்கிறதுக்கு அவங்கவங்க சோம்பேறித்தனம்தான் காரணம்னு எங்க மாமா அடிச்சுச் சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: மாமாவை ஒருதடவை பேராவூரணி பக்கம் கூட்டிட்டுப் போங்கம்மா. 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, லட்சக்கணக்கான தென்னையைச் சாய்ச்சுட்டுப் போச்சே, அப்ப வேரோட பிடுங்கிக் கிடந்த மரத்துமேல கை வெச்சுக்கிட்டு ஒரு பெரியவர் பேச்சே வராம உக்காந்திருந்தார், இருபத்தஞ்சு வருஷமா தண்ணி ஊத்தி வளர்த்தவர், அவரையா சோம்பேறிங்கிறது? நெட்டை ரகத்தைத் திரும்ப நட்டா காய்ப்புக்கு வர 6, 7 வருஷம் ஆகும், அதுவரைக்கும் வட்டி நிக்குமா, பொண்ணோட காலேஜ் ஃபீஸ் நிக்குமா? சொந்த நெலமே இல்லாம தேங்கா உரிச்சு, கீத்து பின்னிப் பொழைச்சவங்க நெலமை இன்னும் மோசம், மரக்கணக்குல குடுத்த நிவாரணத்துல அவங்களுக்கு ஏது பங்கு?

குடிச்சே சொத்தை அழிச்சவங்களும் இருக்காங்க, அது அவங்க தப்புதான், மறுக்கல. ஆனா மாசச் சம்பளக்காரர் வீட்டுப் பையன் ரெண்டு வருஷம் ஊர் சுத்தினா அப்பா தாங்கிக்கிறாரு, கூலி வீட்டுப் பையன் சுத்தினா வாழ்க்கையே போயிடுது. தப்பு ஒண்ணுதானே, விலை மட்டும் ஏன் வேற வேறயா இருக்கு? மாமாகிட்ட இதைக் கேட்டுட்டு, என்ன சொன்னார்னு எழுதுங்க.