எல்லை தாண்டிப் படித்த மகளுக்கு உதவித்தொகை உண்டா?

கேள்வி: நாங்கள் கேரளத்தின் வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். மகள் எட்டாம் வகுப்புவரை இங்குள்ள அரசுப் பள்ளியிலும், பிறகு கம்பம் அரசுப் பள்ளியிலும் படித்து, இப்போது தேனியில் பி.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள். புதுமைப் பெண் திட்டப் பணம் கிடைக்குமா?

பதில்: அந்த மாதம் 1,000 ரூபாய், ஆறு முதல் பன்னிரண்டுவரை தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவர்களுக்கே உரியது என்பதால், தங்கள் மகளுக்குக் கிடைக்காது. பிழைப்புக்காக மலையேறிய குடும்பத்துப் பிள்ளைகளை இவ்விதி விட்டுவிடுவது வேதனைக்குரியது. அரசு இதைத் தளர்த்தியே ஆக வேண்டும்.

ஆனால், மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு இந்தத் தடை இல்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தம் வாரியத்தின் முதல் 20 விழுக்காட்டினருக்குள் வந்து, குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாயைத் தாண்டாதிருந்தால், இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கோரித் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றிதழைத் தாங்கள் வசிக்கும் ஊரின் வில்லேஜ் ஆபீஸிலிருந்து, கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா மையம் வழியாகப் பெறுங்கள்.

ஆதாரில் தகப்பனார் பெயர் முழுமையாகவும், மதிப்பெண் பட்டியலில் வெறும் தலைப்பெழுத்தாகவும் இருந்தால், சரிபார்ப்பில் சிக்கல் வரக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே அதைத் திருத்தி, மகளின் வங்கிக் கணக்கையும் ஆதாருடன் இணைத்துவிடுங்கள்.