ஏழு வார்த்தைகளும் எடுக்காத போனும்

கேள்வி: போன அக்டோபரில் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நாலு வருடம் படுக்கையில் கிடந்தவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். தம்பிக்குக் காசிமேட்டில் விசைப்படகில் வேலை. திருவொற்றியூரில் குடும்பத்தோடு இருக்கிறான். அம்மாவின் வளையல்களை அடகு வைத்தவன் இன்றுவரை மீட்கவில்லை. மருந்துக்கு ஒரு ரூபாய் தரவில்லை. கடைசி வாரம் அம்மா ‘சின்னவன் வந்தானா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் போன் வந்தபோது எடுக்கும் மனநிலையில் நான் இல்லை. அடக்கத்துக்குத்தான் வந்தான், கல்லறைத் தோட்டத்து வாசலில் யாரோ போல நின்றான். இந்த லெந்து நாட்களில் தினமும் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிறேன். ‘பிதாவே, இவர்களுக்கு மன்னியும்’ என்ற முதல் வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. அவனை மன்னிக்கும் கிருபை கிடைக்க எந்தச் சங்கீதத்தை வாசிக்க வேண்டும்? எப்படி ஜெபிக்க வேண்டும்?
– பெயர் வேண்டாம், புது வண்ணாரப்பேட்டை

பதில்: சகோதரி, உடன்பிறந்தவனை மன்னிக்க முடியவில்லை என்ற கடிதம் லெந்து வந்தால் கூடிவிடும். பாதிக் கடிதங்களில் வளையலோ வீட்டுப் பத்திரமோ கட்டாயம் இருக்கும். அதை அப்புறம் பார்க்கலாம்.

‘போன் வந்தபோது எடுக்கும் மனநிலையில் நான் இல்லை.’ அம்மா அவனைக் கேட்டதையும் நீங்கள் போனை எடுக்காததையும் அடுத்தடுத்த வாக்கியங்களில் எழுதிவிட்டு, மூச்சுவிடாமல் அடக்கத்துக்குப் போய்விட்டீர்கள். எத்தனை தரம் அடித்தான்? எழுதவில்லை. அம்மா காதில் மணி விழுந்ததா? அதையும் எழுதவில்லை. ஆழ்கடலுக்குப் போகிறவன் நினைத்த நேரத்தில் பேச முடியாது, கரை வந்து சேர்ந்ததும் கூப்பிட்டிருப்பான். அவன் அம்மாவைத் தேடியிருக்கிறான், அம்மா அவனைத் தேடியிருக்கிறார், நடுவில் போனை வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

போன் எடுக்காவிட்டால் நேரே வர வேண்டியதுதானே என்பீர்கள். வந்திருக்க வேண்டும்தான். அவன் எனக்குக் கடிதம் எழுதினால் அதை அவனுக்குச் சொல்கிறேன். எழுதியிருப்பது நீங்கள்.

மத்தேயு 5-ஆம் அதிகாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. காணிக்கை செலுத்த வந்த இடத்தில் ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் ஆண்டவர். உனக்கு அவன்மேல் என்ன குறை என்று அங்கே கேட்கவே இல்லை, கவனியுங்கள். ஐந்து மாதமாக நீங்கள் அவன்மேல் உள்ள குறையை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள்பேரில் அவனுக்கு இருக்கும் குறை கடிதத்தின் நடுவில், ஒரு முற்றுப்புள்ளிக்குப் பின்னால் கிடக்கிறது.

முதல் வார்த்தையைத் தாண்ட முடியாததற்கும் இதுதான் காரணம். தியானத்தில் சிலுவையில் தொங்குகிறவரின் இடத்தில் உங்களை வைத்துக்கொண்டு, தம்பியைக் கீழே நிறுத்தியிருக்கிறீர்கள். மேலே நின்று மன்னிக்கப் பார்த்தால் எப்படி வரும்? கீழே இறங்கி, ‘செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே’ என்று யாருக்காக ஜெபித்தாரோ அவர்களோடு நில்லுங்கள். அப்புறம் மூன்றாவது வார்த்தைக்கு வாருங்கள். யோவான் 19: ‘ஸ்திரீயே, அதோ, உன் மகன்.’ உயிர் போகிற வலியிலும் ஒரு தாயை ஒரு மகனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணிக்கு வெள்ளைச் சேலையில் போய் மூன்று மணிவரை உட்கார்ந்து, இந்த வார்த்தைக்கு வரும் பிரசங்கத்தையும் கேட்கத்தான் போகிறீர்கள். எப்படிக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நாலு வருடம் பீ மூத்திரம் அள்ளினவள் நான் என்று உங்களுக்குக் கோபம் வரும். அந்தச் சேவை சேவைதான், அதில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு அம்மாவைப் பட்டா போட்டுக் கொடுத்துவிடுவதில்லை. சாகக் கிடக்கிறவரின் கட்டிலருகே இருப்பவருக்கு முதல் கடமை மற்ற பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிடுவது. உதவாக்கரைப் பிள்ளையானாலும் சரி. அம்மா கேட்டது அவனைத்தானே, அவன் தரும் பணத்தையா? ஆபிரகாமின் மூத்த மகன் இஸ்மவேலை ஒரு துருத்தித் தண்ணீரோடு வீட்டைவிட்டு அனுப்பினார்கள். ஆபிரகாம் இறந்தபோது இளையவன் ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து மக்பேலா குகையில் அடக்கம் செய்தார்கள் என்கிறது ஆதியாகமம் 25. உங்கள் வீட்டில் மகன் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றான். உள்ளே வாடா என்று கூப்பிட அங்கே ஒரு வாயும் இல்லை.

சங்கீதம் கேட்டீர்கள். தாவீது தன் பாவத்துக்காக அழுத சங்கீதம், 51. அதற்கு முன்னால் 2 சாமுவேல் 12-ஐ வாசியுங்கள். பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்துச் சமைத்த கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னதும், அப்படிச் செய்தவன் சாக வேண்டியவன் என்று தாவீது கொதிக்கிறான். ‘நீயே அந்த மனுஷன்’ என்று பதில் வருகிறது. அதை வாசித்த கையோடு எனக்கு எழுதிய கடிதத்தையும் ஒரு தரம் வாசித்துவிட்டு 51-க்குப் போங்கள். அதில் ‘தேவரீர் ஒருவருக்கே விரோதமாக’ என்ற வசனம் வந்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம். கடவுளிடம் அழுதாயிற்று, மனுஷனிடம் எதற்கு என்று அந்த வசனத்துக்குப் பின்னால் ஒளிந்தவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர்.

வாசித்தது போதும் என்று ஒரு நாள் தோன்றும். அந்த நாளே கிளம்புங்கள். மெட்ரோவில் ஏறினால் டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி, அடுத்தது திருவொற்றியூர். படகு என்றைக்குக் கரைக்கு வருகிறது என்று அவன் மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போகாது, அப்போது போனால் ஆள் நிச்சயம் இருப்பான் என்று தள்ளிப்போடாதீர்கள். பெரிய வெள்ளிக்கு முன்னால் போக வேண்டும்.

போய், ‘உன்னை மன்னித்துவிட்டேன்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ‘அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நீ போன் செய்தாய். நான் எடுக்கவில்லை’ என்று சொல்லுங்கள். கூடவே காரணம் சொல்ல வேண்டாம், நாலு வருடக் கதையும் வேண்டாம். அம்மா எந்தெந்த நேரத்தில் கேட்டார், எப்படிக் கேட்டார் என்று அவன் கேட்டால் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அவன் கத்தலாம், கதவைச் சாத்தலாம். சாத்தினால் அடுத்த வாரம் திரும்பவும் போங்கள்.

வளையலை அன்றைக்குப் பேசாதீர்கள். மீட்டுத் தர வேண்டியது அவன் கடமை, அதை நான் தள்ளுபடி செய்யவில்லை. இன்னொரு நாள் அடகுச் சீட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாகக் கடைக்குப் போய் விசாரியுங்கள். ஏலத்துக்குப் போயிருந்தால் பணமாகத் தரட்டும். அக்டோபரில் முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பீர்கள் அல்லவா? தேதியை நீங்களாக முடிவு செய்யாமல், அவன் எந்த நாளில் கரையில் இருப்பான் என்று கேட்டுவிட்டுப் போதகரிடம் பேசுங்கள்.