ஒரு புத்தகத்தை எடுத்துவிடச் சொல்லி யாராவது நெருக்கினால் பொது நூலகம் என்ன செய்யும்?

அமெரிக்காவில் ஒரு சிறிய ஊரின் பொது நூலகத்தில் ஆறு வருடமாகப் பகுதிநேர வேலை பார்க்கிறேன். புத்தகம் கொடுத்து வாங்கும் மேசைதான் என் இடம். கோபத்தோடு வருகிறவர்கள் முதலில் வந்து நிற்பதும் அங்கேதான்.

வாதம் செய்யாமல் பொறுமையாகக் கேட்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். நிறையப் பேருக்கு யாராவது காதுகொடுத்தாலே போதும். அதற்கு மேலும் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு படிவம் தருவோம். எந்தப் பக்கம், என்ன ஆட்சேபம், முழுதாகப் படித்தீர்களா என்றெல்லாம் அதில் கேட்டிருக்கும். அப்புறம் நூலகர்கள் சிலர் அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்து எழுத்தில் பதில் தருவார்கள். அதில் திருப்தி இல்லையென்றால் நூலக வாரியத்திடம் முறையிடலாம். முடிவு வரும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். இதுதான் உயிர்நாடி. இப்படி எழுதிவைத்த விதி இல்லாத இடத்தில், செல்வாக்குள்ள ஒருவர் போன் செய்தாலே புத்தகம் காணாமல் போய்விடும்.

சரி, மேலிடமே தடை போட்டால்? எனக்குக் கலிபோர்னியாவின் கெர்ன் கவுன்டிதான் நினைவுக்கு வரும். கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலைப் பள்ளியிலும் நூலகத்திலும் வைக்கக் கூடாது என்று 1939 ஆகஸ்டில் கவுன்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர்கள் 4-க்கு 1 என வாக்களித்தார்கள். பஞ்சம் பிழைக்கக் கலிபோர்னியாவுக்கு வந்த குடியானவர்களின் பாடுதான் கதை. பண்ணை முதலாளிகளுக்கு அது சுட்டது. கவுன்டி நூலகர் க்ரெட்சன் நீஃப் தனக்குச் சம்பளம் தரும் அதே ஆட்களுக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். இன்று இந்தப் புத்தகத்தைத் தடை செய்தால் நாளை எதைத் தடை செய்வீர்கள் என்று அதில் கேட்டார். தடை விலகவில்லை. ஆனால் பிரதிகளை அவர் மூட்டைகட்டி வைக்கவில்லை, மற்ற கவுன்டி நூலகங்களுக்குத் தர முன்வந்தார். உள்ளூரில் பூட்டினாலும் பக்கத்து ஊரில் படிக்கட்டும் என்ற அந்த மனசை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. 1941 ஜனவரியில்தான் தடை நீங்கியது.

யார் எதைப் படித்தார்கள் என்று கேட்டு வருவது இன்னொரு விதமான நெருக்கடி. 2005-ல் கனெக்டிகட் மாநிலத்தில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. நூலகக் கணினி விவரங்களைக் கேட்டது. இதைப் பற்றி வெளியே வாய் திறக்கவும் கூடாது என்றது. நூலகர்கள் நாலு பேர் நீதிமன்றம் போனார்கள். 2006-ல் அரசு பின்வாங்கியது. எங்கள் நூலகத்தில் புத்தகம் திரும்பி வந்ததும், அதை எடுத்தவரின் பெயரைக் கணினி தன் பதிவிலிருந்து அழித்துவிடும். நாளைக்கு யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்க எங்களிடம் எதுவும் இருக்காது.

ஆனால் நீதிமன்றம் எப்போதும் கைகொடுக்கும் என்று நம்பிவிட முடியாது. டெக்சாஸின் லானோ கவுன்டியில் பொது நூலகத்திலிருந்து 17 புத்தகங்களை நீக்கியதை எதிர்த்து வாசகர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அப்படியென்றால் மிஞ்சுவது ஊர் நூலக வாரியம்தான். அதன் கூட்டம் யார் வேண்டுமானாலும் வந்து பேசக்கூடிய திறந்த கூட்டம். எங்கள் ஊரில் அதற்குப் பெரும்பாலும் நாலைந்து பேர்தான் வருகிறார்கள்.