பட்டனை அமுக்கினால் ரோபோ நிற்காது, விழும்: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ஆலை, பட்டறை ஆட்கள் மனித வடிவ ரோபோவைப் பற்றிக் கேட்டவை. ஆட்டோமேஷன் இன்ஜினியர் ஒருவரின் பதில்கள்.

செம்பனை ஆலை ஃபோர்மன்: குலையை ஆவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசர் பக்கம் இந்த ரோபோவை வேலைக்கு விடலாமா தம்பி?

இப்போதைக்கு வேண்டாம்ண்ணே. உள்ளே 3 பார் நீராவி, 140 டிகிரிக்கு மேல். கதவு திறந்தால் ஆவி, தரையெல்லாம் எண்ணெய்ப் பசை. சீனாவின் யூனிட்ரீ நிறுவனம் செய்யும் ஜி1 என்ற மனித வடிவ ரோபோவின் எடையே 35 கிலோதான். கை தூக்குவது சுமார் 2 கிலோ, பாட்டரி சுமார் 2 மணி நேரம். நம் குலை ஒன்றே 10 கிலோவைத் தாண்டும். டிஜிட் என்ற அமெரிக்க ரோபோ 16 கிலோ வரை தூக்கும். ஆனால் 2024 முதல் அது கூடை சுமப்பது அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு கிடங்கில். அங்கே தரை காய்ந்து சமமாக இருக்கும். குலைக்குக் கன்வேயர் போதும்.

சேஃப்டி அதிகாரி: அவசர நிறுத்தப் பட்டன் இருக்கிறதே, பிறகென்ன பயம்?

அங்கேதான் சிக்கலே. தரையில் போல்ட் போட்ட ரோபோக் கைக்கு மின்சாரம் போனால் பிரேக் பிடித்து அப்படியே நிற்கும். இரண்டு காலில் நிற்பது சரிந்து விழும். ஐஎஸ்ஓ 10218 என்ற அனைத்துலகப் பாதுகாப்புத் தரநிலை தொழிற்சாலை ரோபோக்களுக்குப் பொதுவானது, 2025-இல் திருத்தினார்கள். தானே சமநிலை காத்து நிற்பவற்றுக்கு ஐஎஸ்ஓ 25785-1 என்று தனியாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அதுவரை ஆள் நுழையாத வட்டம் ஒன்று வரையுங்கள். ரோபோவின் உயரம், நீட்டிய கை, கையில் உள்ள கூடை மூன்றையும் கூட்டுங்கள். 1.75 மீட்டர் ரோபோவுக்கு 2.5 மீட்டருக்குக் குறைவாக நான் வரைய மாட்டேன். தடுமாறி எடுத்துவைக்கும் அடிகளுக்கு இடம் தனி. கேட்டில் இன்டர்லாக் போடுங்கள், அதாவது கேட் திறந்ததை ரோபோவுக்குத் தெரிவிக்கும் சுவிட்ச். யாராவது திறந்தால் முதலில் ரோபோ உட்கார வேண்டும், பிறகுதான் பவர் கட்.

சோதனை ஓட்டத்தில் மேலே சட்டம் கட்டி ரோபோவை வாரில் மாட்டுங்கள். விழுந்தால் முழங்கால் தரையில் இடிக்காத அளவுக்கு நீளம். ரொம்ப இழுத்துக் கட்டினால் எடையை வார் தாங்கிவிடும்; பாதத்தில் விழும் பாரம் குறைந்து, நடை நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றும். வாரைக் கழற்றினால் குட்டு வெளிப்படும்.

பாலிடெக்னிக் மாணவி: எதிலிருந்து ஆரம்பிப்பது சார்?

ஒரே ஒரு மூட்டிலிருந்தும்மா. பிரஷ்லெஸ் மோட்டார், பிளானட்டரி கியர், சுழலும் கோணத்தை அளக்கும் என்கோடர், மோட்டாரை ஓட்டும் டிரைவர் சர்க்யூட் நான்கும் ஒரே கூட்டில் வரும். 24 வோல்ட் பெஞ்ச் சப்ளையில் (மேசையில் வைக்கும் பவர் சப்ளை) கரண்டை 2 ஆம்பியருக்கு மட்டுப்படுத்தி, முதலில் என்கோடர் ஆஃப்செட்டை, அதாவது அது காட்டும் கோணத்துக்கும் மோட்டாரின் உண்மைக் கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, சரிசெய். அது பிசகினால் மோட்டார் சுற்றாமல் சூடாகும், அல்லது கட்டுக்கடங்காமல் ஓடும். வேகத்தைச் சட்டென்று குறைத்தால் மோட்டார் ஜெனரேட்டராகி வோல்டேஜைத் திருப்பி அனுப்பும். பெஞ்ச் சப்ளை அதை விழுங்காது, டிரிப் ஆகும். அதை வெப்பமாக்கித் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டர் மாட்டு. நடையைப் பழக முஜோகோ என்ற சிமுலேஷன் மென்பொருள் இலவசம். அங்கே ஓடியது நிஜத்தில் விழுந்தால் கியர் உராய்வையும் சிக்னல் தாமதத்தையும் முதலில் சந்தேகப்படு.

சார்ஜ்மேன்: நாளைக்குப் பொறியியல் வரைபடத்தில் கையெழுத்தும் ரோபோவே போடுமா?

போடாது. மலேசியாவின் 1967 பொறியாளர் பதிவுச் சட்டப்படி பதிவு பெறுவது மனிதர்தான். கணக்கை எது போட்டாலும் தப்பானால் கேள்வி அவரிடம்தான் வரும்.

லோரி பட்டறை முதலாளி: ஜி1 16,000 அமெரிக்க டாலர்தானாமே, ஒன்று வாங்கிப் போடட்டுமா?

அது 2024-இல் ஜி1 வந்தபோது அடிப்படை மாடலுக்குச் சொன்ன விலை. அந்த மாடலில் நம் புரோகிராமை ஏற்ற முடியாது, விரலுள்ள கையும் வராது. வாசலில் நிறுத்தி வணக்கம் சொல்ல வைக்கலாம், அவ்வளவுதான். அந்தக் காசில் வண்டியைத் தூக்க நல்ல லிஃப்டும் இம்பேக்ட் ரெஞ்சும் வாங்கிப் போடுங்கள் முதலாளி.