மின்தடமும் குழாய்த்தடமும்: வழி வகுப்பது முதல் ஒப்படைப்பது வரை – கேள்வி பதில்

உயர் அழுத்த மின்தடங்கள், எரிபொருள் குழாய்த்தடங்கள் ஆகியவற்றுக்கு வழி வகுக்கும் பணியிலும் கட்டுமான மேற்பார்வையிலும் நெடுங்காலம் ஈடுபட்டுவரும் பொறியாளர் ஒருவரிடம், துறைக்குப் புதியவர்களும் தங்கள் நிலத்தின் வழியே தடம் செல்லவிருப்பவர்களும் கேட்ட கேள்விகளும் அவர் அளித்த பதில்களும்.

கேள்வி (மின் பொறியியல் மாணவி): ஐயா, தொடங்கும் இடமும் முடியும் இடமும் தெரிந்துவிட்டால் நேர்கோடாகக் கொண்டுபோவதுதானே சிக்கனம்? திருப்பங்கள் கூடினால் செலவும் கூடும் என்று படித்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். தடம் நேராகச் செல்லும் இடத்தில் நிற்கும் தொங்கு கோபுரம், கம்பியின் எடையையும் காற்றின் விசையையும் தாங்கினால் போதும். தடம் திரும்பும் இடத்தில் நிற்கும் கோணக் கோபுரமோ கம்பிகளின் இழுவிசையையும் பக்கவாட்டில் தாங்க வேண்டியிருப்பதால், அதன் எஃகு எடையும் அஸ்திவாரமும் பெருமளவு கூடிவிடுகின்றன. ஆனால் அந்தக் கூடுதல் செலவு கணக்கில் அடங்கும் செலவு. சரியும் மலைச்சரிவையும் சதுப்பு நிலத்தையும் நெருக்கமான குடியிருப்பையும் நேராகக் கடக்க முற்படும்போது ஏற்படும் கால இழப்புக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. புதிய மின்கட்டமைப்பைத் திட்டமிட்டு, அனுமதி பெற்று, கட்டி முடிக்கப் பெரும்பாலும் 5 முதல் 15 ஆண்டுகள் ஆகின்றன என்றும், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிலையங்களுக்கு 1 முதல் 5 ஆண்டுகள் போதும் என்றும் பன்னாட்டு எரிசக்தி முகமை 2023-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மின்நிலையம் தயாராகி நிற்க, மின்சாரத்தை எடுத்துச் செல்லத் தடம் இல்லாத நிலை ஏன் இத்தனை இடங்களில் வருகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

நிலத்தின் இயல்புக்கு ஏற்ப வகுத்த தடம் என்ன பயன் தரும் என்பதற்கு அலாஸ்கா எண்ணெய்க் குழாய்த்தடம் ஒரு நல்ல சான்று. சுமார் 1,287 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடத்தில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி, உறைநிலம் உருகிவிடக்கூடாது என்பதற்காகத் தரைக்கு மேலே தாங்கிகளின்மீது வளைந்து வளைந்து செல்கிறது. டெனாலி நிலப்பிளவைக் கடக்கும் இடத்தில், குழாய் பக்கவாட்டில் நகர்வதற்கு வசதியாக நீண்ட உத்திரங்களின்மீது வழுக்குத் தாங்கிகளை அமைத்திருந்தார்கள். 2002 நவம்பரில் 7.9 அளவிலான நிலநடுக்கம் அங்கே நிலத்தையே இடம்பெயர்த்தபோது சில தாங்கிகள் சேதமடைந்தனவே தவிர, எண்ணெய் கசியவில்லை.

கேள்வி (புவித்தகவல் மென்பொருள் பயன்படுத்துபவர்): நில வரைபட அடுக்குகளைக் கொடுத்தால் மென்பொருளே செலவு குறைந்த வழியைக் காட்டிவிடுகிறது. அதை அப்படியே ஏற்கலாமா?

பதில்: ஏற்க வேண்டாம், ஒதுக்கிவிடவும் வேண்டாம். காட்டுக்கு எத்தனை மதிப்பெண், வயலுக்கு எத்தனை, சரிவுக்கு எத்தனை என்று நீங்கள் இட்ட எடைகளைத்தான் அது கோடாக மாற்றித் தருகிறது. அந்த எடைகளைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் பலமுறை ஓட்டிப் பாருங்கள். எப்படி மாற்றினாலும் கோடு நகராத பகுதிகளில் துணிந்து கள அளவையைத் தொடங்கலாம். சிறு மாற்றத்துக்கே கோடு பல கிலோமீட்டர் தாவுகிறது என்றால், அந்தப் பகுதியில் முடிவெடுக்க வேண்டியவர்கள் மனிதர்கள்தான். முதலில் தடம் செல்லக்கூடிய அகன்ற நிலப்பட்டை, பிறகு அதற்குள் தடம், கடைசியில் கோபுர இடங்கள் என்ற வரிசையை விடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் களத்தில் நடந்து பார்க்க வேண்டும். கட்டுமான வண்டிகள் எந்த வழியாக உள்ளே வரும் என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். தடத்தை வரைபவர்கள் மிக அடிக்கடி மறந்துவிடுவது இதைத்தான்.

கேள்வி (நில உரிமையாளர்): என் நிலத்தின் நடுவில் வரும் கோபுரத்தைப் பத்து மீட்டர் தள்ளி எல்லையோரம் வைக்கும்படி கேட்டேன். முடியாது என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்கள். பத்து மீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது?

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது; காரணத்தை விளக்காமல் மறுத்தது சரியல்ல. எந்தப் பக்கம் தள்ளுவது என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும்.

தடத்தின் போக்கிலேயே முன்னோ பின்னோ நகர்த்தினால், ஒருபுறம் இடைவெளி கூடி மறுபுறம் குறையும். கம்பியின் தொய்வையும் தரையிலிருந்து அதன் உயரத்தையும் மறுபடி கணக்கிட்டுப் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளலாம். பக்கவாட்டில் தள்ளினால் நிலைமை வேறு. கோபுரங்களுக்கு இடையே 350 மீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். பத்து மீட்டர் பக்கவாட்டு நகர்வால் அந்தக் கோபுரத்தில் சுமார் 3.3 பாகையும், இருபுறமுள்ள கோபுரங்களில் சுமார் 1.6 பாகையும் திருப்பம் உண்டாகும். தொங்கு கோபுரங்களைப் பொதுவாக 2 பாகைக்குள் அடங்கும் திருப்பத்துக்கே வடிவமைப்பதால், நடுவிலுள்ளதைக் கோணக் கோபுரமாக மாற்ற நேரிடும். மேட்டு நிலத்திலிருந்து பள்ளத்துக்கு நகர்த்தினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. இருபுறமும் உயரத்தில் நிற்கும் கோபுரங்கள் கம்பியை மேல்நோக்கி இழுப்பதால், கீழ்நோக்கித் தொங்க வேண்டிய இன்சுலேட்டர் சரம் தூக்கப்பட்டுவிடும்.

தடம் இன்னும் பட்டையாக இருக்கும் கட்டத்தில் இதே கோரிக்கையை வைத்திருந்தால், பல கோபுரங்களுக்கு முன்பே கோட்டைச் சற்றுத் திருப்பிச் செலவின்றி நிறைவேற்றியிருக்க முடியும். நில உரிமையாளர்களைக் கோடு முடிவாவதற்கு முன்பே சந்திக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு திட்டத்திலும் வலியுறுத்துவது இதனால்தான்.

கேள்வி: இத்தனை சிக்கல் எதற்கு? எல்லாவற்றையும் நிலத்தடிக் கேபிளாகப் பதித்துவிட்டால் என்ன?

பதில்: சில இடங்களில் அதுவே சரியான முடிவு. ஜெர்மனி 2015-இல் உயர் அழுத்த நேர்மின் (டிசி) தடங்களுக்கு நிலத்தடிக் கேபிளையே முதன்மையான வழியாகச் சட்டத்தில் வைத்தது. சுமார் 700 கிலோமீட்டர் நீளமுள்ள சூட்லிங்க் தடம் அதன்படியே அமைகிறது. மாறுமின் (ஏசி) கேபிளில், நீளம் கூடக் கூடக் கேபிளை மின்னேற்றம் செய்வதற்கே மின்னோட்டத்தின் பெரும்பங்கு செலவாகிவிடுவதால், நெடுந்தொலைவுக்கு அது ஒத்துவராது. பழுதைக் கண்டுபிடித்துத் தோண்டிச் சரிசெய்யவும் மேல்நிலைக் கம்பியைவிட மிகுந்த காலம் பிடிக்கும்.

கேள்வி (திட்ட மேலாளர்): எங்கள் தடத்தில் அஸ்திவாரமும் கோபுரமும் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் முடிந்துவிட்டன. ஆனாலும் தடத்தில் மின்சாரம் செலுத்தும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. எங்கே பிழை?

பதில்: எண்ணிக்கையை முன்னேற்றமாகக் கொள்வதில்தான் பிழை. தடத்தின் நடுவே ஒரு கோபுரம் நிற்காவிட்டாலும் ஒரு யூனிட் மின்சாரம்கூட மறுமுனைக்குப் போகாது. கம்பி இழுக்கும் பணியின் அலகு, ஓர் இழுவைக் கோபுரத்திலிருந்து (கம்பியை இறுக்கிக் கட்டி அதன் இழுவிசையைத் தாங்கும் கோபுரம்) அடுத்த இழுவைக் கோபுரம் வரையுள்ள பிரிவு. ஆகவே வாராந்திர அறிக்கையில், இடைவெளியின்றிக் கம்பி இழுக்கத் தயாராக உள்ள பிரிவுகள் எத்தனை என்ற எண்ணை முதல் வரியில் வைக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு பணியின் காலத்தையும் ஒரு பட்டையாகக் காட்டும் கால அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு இப்பணியை நடத்த முடியாது. ஓர் அச்சில் தொலைவையும் மறு அச்சில் காலத்தையும் வைத்து வரையும் நேரம்–தொலைவு வரைபடத்தில், ஒவ்வொரு குழுவும் ஒரு சாய்கோடாகத் தெரியும். அஸ்திவாரக் குழுவின் கோட்டைக் கோபுரம் எழுப்பும் குழுவின் கோடு எந்த வாரத்தில் எந்தக் கிலோமீட்டரில் எட்டிப்பிடிக்கும் என்பதையும், கையில் வராத நிலம் எந்தக் கோட்டை எங்கே மறிக்கிறது என்பதையும் அதில் ஒரே பார்வையில் காணலாம்.

ஒப்பந்தத்தில் பணம் பிரித்திருக்கும் விதத்தையும் பாருங்கள். எஃகு வந்து இறங்கியதுமே தொகையின் பெரும்பகுதி கைமாறிவிடும் ஒப்பந்தத்தில், ஒப்பந்ததாரர் எளிய இடங்களை முடித்துவிட்டுக் கடினமான இடங்களைக் கடைசிக்குத் தள்ளுவார். அதை அவருடைய குணக்கேடாக நான் பார்ப்பதில்லை; ஒப்பந்தம் எழுதியவர்கள் திறந்துவைத்த வழி அது. தொகையில் ஒரு கணிசமான பங்கைப் பிரிவு நிறைவோடு பிணைத்தால் வேலையின் வரிசை தானே திருந்தும்.

கேள்வி (இளநிலைத் தளப் பொறியாளர்): எல்லா இடங்களிலும் நான் ஒருவனே நிற்க முடியாது. எந்த வேலையின்போது கட்டாயம் களத்தில் இருக்க வேண்டும்?

பதில்: கான்கிரீட் ஊற்றும்போது நிற்பீர்கள், அதை நான் சொல்லத் தேவையில்லை. 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் கனசதுர மாதிரிகளைச் சோதித்து அறிக்கையும் பெற்றுவிடுவீர்கள். ஊற்றுவதற்கு முன் நான்கு கால்களின் மூலைவிட்டங்களையும் மட்டங்களையும் நீங்களே நாடா பிடித்து அளந்துவிடுங்கள். அங்கே நேரும் சில மில்லிமீட்டர் பிழை, கோபுரத்தின் உச்சியில் போல்ட் துளைகள் பொருந்தாமல் வெளிப்படும்.

ஆனால் பலரும் வண்டியேறிப் போய்விடும் நேரம் ஒன்று உண்டு: குழியை மண்ணிட்டு மூடும் நேரம். கோபுரத்தின்மீது காற்று மோதும்போது இரண்டு கால்கள் கீழே அழுந்தும். மற்ற இரண்டும் பிடுங்கிக்கொள்ள முயலும். பிடுங்கும் விசையைத் தடுப்பதில் கான்கிரீட்டின் எடைக்கு ஒரு பங்குதான். அதன்மேல் கூம்பாக விரிந்து அமர்ந்திருக்கும் மண்ணின் எடையே பெரும்பங்கு. அந்த மண்ணை ஒரே தள்ளலில் குழிக்குள் கொட்டி மேலாகச் சமன்செய்துவிட்டால், வரைபடத்தில் எழுதிய தாங்குதிறன் களத்தில் இராது. அடுக்கடுக்காக இட்டு, ஈரப்பதம் பார்த்து, ஒவ்வோர் அடுக்கையும் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். மூடிய பிறகு இதைச் சரிபார்ப்பது கடினம் என்பதால், இதை நிறுத்தப் புள்ளியாகவே ஆய்வுத் திட்டத்தில் எழுதிவிடுங்கள்: உங்கள் கையொப்பம் இல்லாமல் அடுத்த அடுக்கு இல்லை.

கோபுரத்தின் எர்த் மின்தடையையும் உச்சியிலுள்ள எர்த் கம்பியை இணைப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். இணைத்த பிறகு அளந்தால் பக்கத்துக் கோபுரங்களின் எர்த்தும் சேர்ந்து, மோசமான கோபுரத்தையும் நல்லதாகக் காட்டும்.

கேள்வி: எரிவாயுக் குழாய்த்தடத்தில் வெல்டிங் இணைப்புகள் அனைத்தும் எக்ஸ்ரே சோதனையில் தேறிவிட்டால் கவலையில்லைதானே?

பதில்: வெல்டிங்கைப் பற்றிய கவலை குறையும். குழாயின் மேற்பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் துரு அங்கேயே தொடங்கும் என்பதால், குழாயை இறக்குவதற்குச் சற்று முன்பு மின்பொறிச் சோதனைக் கருவியை முழு நீளத்துக்கும் ஓட்ட வேண்டும். பாறைத் துண்டுகள் கிடக்கும் பள்ளத்தில் மெல்லிய மண் மெத்தையிட்டே குழாயை இறக்க வேண்டும். குழாய்த்தடம் மின்தடத்துக்கு இணையாக நெடுந்தொலைவு சென்றால் குழாயில் மாறுமின் அழுத்தம் தூண்டப்படும்; ஆட்கள் தொடும் இடங்களில் அது 15 வோல்ட்டைத் தாண்டாதபடி எர்த் அமைப்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரையறை. தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, மூடும்போது மேலேயே இடுங்கள். விவசாயி அடுத்த விளைச்சலில் பார்ப்பது அதைத்தான்.

கேள்வி (கம்பி இழுக்கும் குழுவின் மேற்பார்வையாளர்): புதிய தடத்தில் மின்சாரமே இல்லை. பிறகு எதற்காக இருமுனையிலும் எர்த் செய்யச் சொல்கிறீர்கள்?

பதில்: அருகில் ஓடும் மின்தடம் உங்கள் கம்பியிலும் மின்அழுத்தத்தைத் தூண்டும், தொலைவில் இடிக்கும் மின்னலும் அதைச் செய்யும். ஆள் ஏறும் இடத்தின் இருபுறமும் எர்த் மாட்டாமல் யாரையும் ஏற்றாதீர்கள். ஒருபுறம் மட்டும் கம்பி இழுத்திருக்கும் இழுவைக் கோபுரத்துக்கு மறுபுறம் தற்காலிக முட்டுக்கம்பிகள் கட்டியிருக்கிறதா என்பதையும் தினமும் பாருங்கள். இந்த இரண்டிலும் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை.

கேள்வி: வழி வகுத்த குழு டெண்டரோடு விலகிவிடுகிறது, கட்டுமானக் குழு வேறு. இதனால் வரும் குழப்பத்தை எப்படித் தவிர்ப்பது?

பதில்: வரைபடத்தோடு காரணங்களையும் ஒப்படைக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு வரி போதும்: இந்த இடத்தில் கோடு ஏன் திரும்புகிறது, எதைத் தவிர்க்கிறது, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பதிவேடு இல்லாத களத்தில், வளைவைப் பார்க்கும் புதிய பொறியாளர் செலவைக் குறைக்கும் நல்ல எண்ணத்தோடு அதை நேராக்கிவிடுவார். பறவைகள் கூடும் ஏரிக்கரையையோ, தவிர்ப்பதாக வாக்களித்த கிணற்றையோ தடம் மறுபடி நெருங்கிவிடும். கோபுர இடத்தை மாற்றும் எந்தக் கோரிக்கையும் அந்தப் பதிவேட்டைப் பார்த்த பிறகே கையொப்பத்துக்கு வர வேண்டும். கூடவே, வழி வகுத்தவர்களில் ஒருவரையாவது முதல் பிரிவில் கம்பி இழுத்து முடியும் வரை களத்தில் வைத்திருங்கள்.