கல்லெடுக்கக் குனிந்தாலே நாய் ஏன் ஓடுகிறது?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. டியூஷனுக்குப் போகும்போதும் வரும்போதும் தெருநாய்கள் மீது கல்லெறிகிறான். திட்டினேன், அடித்தும் பார்த்துவிட்டேன். "பாவம், அதுவும் ஓர் உயிர்தானே" என்று சொன்னால், "அதுக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்கிறான். விலங்குகளை மதிக்க அவனுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்தால் மாறுவானா?
– ஒரு வாசகி, புது வண்ணாரப்பேட்டை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. அதைத் துடுக்குப் பேச்சு என்று தள்ளிவிடாமல், அதற்கான விடையை அவனே தேடிக் கண்டுபிடிக்கத் துணை நில்லுங்கள். தெருவில் படுத்திருக்கும் நாய்க்கும் உறவு, பகை, எல்லை, அன்றாட அலுவல் என்று ஒரு வாழ்க்கை இருப்பதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு, இரக்கப்படு என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

அந்தக் கல்லிலிருந்தே தொடங்குங்கள். ஒருவர் தரையை நோக்கிக் குனிந்தாலே போதும், கையில் கல் இருக்கிறதா என்று பார்க்கக்கூட நிற்காமல் தெருநாய் விலகி ஓடுவதை நம் பக்கத்தில் பார்க்காதவர் இல்லை. அது ஏன் ஓடுகிறது என்று மகனிடம் கேளுங்கள். குனியும் முதுகையும் தாழும் கையையும் பார்த்து, அடுத்து என்ன நடக்கும் என்பதை அது முன்கூட்டியே அறிகிறது. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவருடைய மாணவர்களும் தெருநாய்களையே பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். 2020இல் வெளியான அவர்களது ஆய்வில், முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு கிண்ணங்களில் ஒன்றைக் கையால் சுட்டிக் காட்டினார். எந்தப் பயிற்சியும் இல்லாத தெருநாய்களில், அருகே வரத் துணிந்தவற்றில் பெரும்பாலானவை அவர் சுட்டிய கிண்ணத்துக்கே சென்றன. வரத் துணியாமல் ஒதுங்கி நின்றவையும் பல. மனிதரிடம் முன்பு பட்ட பாடு அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உங்கள் மகன் எறியும் கல்லும் அந்தக் கணக்கில் சேரும் என்பதை அவனிடம் கோபமில்லாமல் சொல்லலாம்.

பிறகு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். உங்கள் தெருவிலுள்ள நாய்களை அவன் தூரத்தில் இருந்தபடி தினமும் சிறிது நேரம் பார்த்து எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்கட்டும். 1960இல் ஆப்பிரிக்காவின் கோம்பேக் காட்டில் சிம்பன்சிகளைக் கவனிக்கத் தொடங்கிய ஜேன் குடால் அவற்றுக்குப் பெயர் சூட்டியபோது, எண்கள்தாம் கொடுத்திருக்க வேண்டும் என்று கேம்பிரிட்ஜில் அவருக்குச் சொல்லப்பட்டது. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனி ஆளாகப் பார்த்ததால்தான் அவற்றின் குடும்ப உறவுகளையும் குணவேறுபாடுகளையும் அவரால் அவ்வளவு நுணுக்கமாக எழுத முடிந்தது என்பது என் எண்ணம்.

எதை எழுதுவது என்று கேட்பான். வாலைப் பார்க்கச் சொல்லுங்கள். வால் ஆடினாலே அன்பு என்று பலரும் நினைப்பது தவறு: உயர்ந்து விறைத்த வால் மெதுவாக ஆடினால் அது எச்சரிக்கையாக இருக்கலாம், உடம்பெல்லாம் குழைந்து வால் தளர்வாக ஆடினால் அது நட்பு. முன்னங்கால்களை நீட்டித் தரையோடு தாழ்த்தி, பின்பக்கத்தை உயர்த்தி நிற்கும் நாய் மற்றொன்றை விளையாட அழைக்கிறது. அதன் பிறகு வரும் உறுமலும் செல்லக் கடியும் சண்டையாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. தூக்கக் கலக்கம் இல்லாதபோதும் கொட்டாவி விடுவதும், நாக்கால் மூக்கை நக்கிக்கொள்வதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் பெரும்பாலும் சங்கடத்தின் அறிகுறிகள். காதில் சிறு வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள். குட்டி போட்ட நாய் கண்ணில் பட்டால், குட்டிகளின் அருகே அது வேறு எந்த நாயை அனுமதிக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளட்டும். பேரக்குட்டிகளைப் பாட்டி நாய் பராமரித்ததையும் கொல்கத்தா ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

விடுமுறை நாளில் அவனைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அழைத்துச் சென்று காக்கைகளைக் காட்டுங்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியரின் குழுவினர் 2006இல் ஒரு முகமூடியை அணிந்துகொண்டு சில காக்கைகளைப் பிடித்து, வளையமிட்டு விடுவித்தார்கள். அதன் பிறகு அந்த முகமூடியை யார் அணிந்து நடந்தாலும் காக்கைகள் சூழ்ந்து கத்தின. ஆண்டுகள் செல்லச் செல்ல, பிடிபடாத காக்கைகளும் அந்தக் கூச்சலில் சேர்ந்துகொண்டன. அவை வேறு இனக் காக்கைகள் என்பதையும் மகனிடம் சொல்லிவிடுங்கள். நம் ஊர்க் காக்கை என்ன செய்கிறது என்பதை அவன் கண்கள்தாம் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். மின்கம்பியில் அடிபட்டு ஒரு காக்கை விழுந்தால் மற்றவை கூடிக் கரைவதைப் பார்த்து, "நம்மைப் போலவே அழுகிறது" என்று அவனுக்குச் சொல்லிவிட வேண்டாம். அந்த இடத்தில் என்ன ஆபத்து இருக்கிறது என்பதை அறிந்துகொள்ளவும் அவை கூடுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நம்மைப் போல் இருப்பதால்தான் ஓர் உயிரை மதிக்க வேண்டும் என்று பழகிவிட்டால், நம்மைப் போல் இல்லாத பல்லிக்கும் நண்டுக்கும் அந்த மரியாதை கிடைக்காமல் போய்விடும்.

கவனிப்பது வேறு, தொடுவது வேறு. தெருநாயையோ குட்டியையோ அவன் தொட வேண்டாம். தின்னும் நாயையும் குட்டிகளோடு இருக்கும் தாயையும் நெருங்கவே கூடாது. கடியோ பிறாண்டலோ பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். பயத்தினால்தான் கல்லெறிகிறானா என்றும் விசாரியுங்கள். எப்போதோ ஒரு நாய் துரத்தியிருந்தால், அதை அவன் உங்களிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

நாய்க்குட்டி இப்போது வேண்டாம். கல்லெறியும் பழக்கம் விடுவதற்கு முன் வரும் குட்டி அவனுக்குப் பொம்மையாகிவிடும். நோட்டு நிறைந்த பிறகும் அவன் கேட்டால், எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருந்த ஒரு நாட்டுக் குட்டியைக் கொண்டு வாருங்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதைக் குட்டிகள் அந்த வாரங்களில்தான் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்கின்றன.